காயலான் கடைப் பொருளாதாரம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. காரணம் பாதி சோம்பேறித்தனம், மீதி குற்ற உணர்ச்சி.

எங்க குடியிருப்புக்கு தினமும் காலைல ஆறு மணிக்கு ஒரு அக்கா கோணியோட வருவாங்க. குப்பைத்தொட்டியில கைய விட்டு பால் கவர் தனி, தண்ணி பாட்டில் தனி, அட்டை தனின்னு பிரிச்சு எடுத்துட்டுப் போவாங்க. போன வருஷம் அசோசியேஷன் மீட்டிங்ல ஒருத்தர் "கண்டவங்கல்லாம் உள்ள வர்றாங்க, பாதுகாப்பே இல்ல"ன்னு ஆரம்பிச்சார். குப்பைய ஒரு கான்ட்ராக்டர்கிட்ட விட்டாச்சு. அக்காவுக்கு கேட்டை மூடியாச்சு. அவங்க எதையாவது திருடினாங்களான்னு யாரும் கேக்கலை. கை தூக்கினவங்கள்ல அடியேனும் ஒருத்தன்.

இப்ப வண்டி வருது, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி அமுக்கி எடுத்துட்டுப் போகுது. சாம்பார்ல ஊறின அட்டைய எந்தக் காயலான் கடைக்காரர் வாங்குவார்? அது நேரா குப்பை மேட்டுக்குத்தான்.

மறுசுழற்சின்னா ஏதோ பெரிய மெஷின் செய்யுற வேலைன்னு நாம நினைச்சுக்கறோம். மெஷினெல்லாம் கடைசியிலதாங்க. அக்கா பிரிச்சது காயலான் கடைக்குப் போகும், அங்கேருந்து மொத்த வியாபாரிக்கு, அப்புறம் ஆலைக்கு. தண்ணி பாட்டிலைக் கழுவி, நொறுக்கி, உருக்கி பாலியெஸ்டர் நூலாவே ஆக்கிடறாங்க. இந்தச் சங்கிலியோட முதல் கண்ணி அந்தக் கோணிதான்.

ஆனா அவங்களுக்குக் கிடைக்கிறது பொருளோட விலை மட்டும்தான். தெருவைச் சுத்தம் பண்ணினதுக்கு, பிரிச்சதுக்கு, குப்பை மேட்டோட உயரத்தைக் குறைச்சதுக்கு ஒரு பைசா கிடையாது. கச்சா எண்ணெய் விலை விழுந்தா புது பிளாஸ்டிக் மலிவாகும், உடனே பழைய பாட்டிலுக்கும் விலை இறங்கும். 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல கச்சா எண்ணெய் பூஜ்யத்துக்கும் கீழ போச்சே, ஞாபகம் இருக்கா? எங்கேயோ எண்ணெய் சரிஞ்சா இங்க ஒருத்தர் வீட்டு உலை கொதிக்காது. அதே உழைப்பு, அதே கோணி, கூலி மட்டும் கம்மி.

சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்க. பல அடுக்கு ஒட்டினது, பிரிச்சு எடுக்க முடியாது, வாங்க ஆளில்லை. அதனால யாரும் பொறுக்கறதில்லை. அக்காங்களைக் குறை சொல்லி என்ன பண்ண? கேக்கவேண்டியது அதைத் தயாரிச்சவனை.

"இதெல்லாம் ஒரு வேலையா, இதுலேருந்து அவங்களை மீட்கணும்"னு சில நண்பர்கள் சொல்லுவாங்க. சரிங்க, மீட்கலாம். கேட்டை மூடறதா மீட்பு?

புனேல வேற மாதிரி யோசிச்சாங்க. குப்பை பொறுக்குறவங்க 1993-லயே சங்கமா சேர்ந்தாங்க. 2008-ல 'ஸ்வச்'னு தங்களுக்கே சொந்தமான கூட்டுறவு ஆரம்பிச்சு, மாநகராட்சியோட ஒப்பந்தம் போட்டு வீடு வீடா குப்பை எடுத்தாங்க. வீட்டுக்காரங்க மாசாமாசம் கட்டணம் குடுக்கணும், பிரிச்சு வித்த காசும் அவங்களுக்கே. சேவைக்குக் கூலி, பொருளுக்கு விலை, ரெண்டும். இவங்களை அங்கீகரிச்சு குப்பை சேகரிப்புல சேத்துக்கணும்னு மத்திய அரசோட 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிச்சு. நம்ம மீட்டிங்ல அதை யாராவது படிச்சோமா?

அடுத்த மீட்டிங்ல நான் மூணு விஷயம் கேக்கப்போறேன். அக்காவுக்கு ஒரு அடையாள அட்டை. வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசச் சம்பளம். ஈரக் குப்பையும் காஞ்ச குப்பையும் நாமளே பிரிச்சுக் குடுக்கறது. "கான்ட்ராக்டருக்கு வேற காசு குடுக்கறோமே"ன்னு கேப்பாங்க. அவர் அள்ளிட்டுப் போறதுக்குக் குடுக்கறோம், பிரிக்கிறதுக்கு யாருக்குக் குடுக்கறோம்?

தோத்தாலும் தோப்பேன். ஆனா இந்தத் தடவை கை வேற பக்கம் தூக்குவேன்.

பி.கு: போன வாரம் அக்காவைப் பக்கத்துத் தெருவுல பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா சார்?"னு கேட்டாங்க. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரலை.