தோட்டத்தை வித்துட்டு கதை எழுதப் படிக்கலாமா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். நீளமான பதிவு. டீயை எடுத்துக்கிட்டு உக்காருங்க.

போன மார்ச் மாசம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழகம், பேர் வேண்டாம். புனைவு எழுத்துல எம்.எஃப்.ஏ., ரெண்டு வருஷப் படிப்பு, உங்களுக்கு இடம் கொடுக்கிறதுல மகிழ்ச்சின்னு ஆரம்பிச்சிருந்தாங்க. அப்ப நான் பெங்களூர்ல இருந்து லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். காமயகவுண்டன்பட்டி. கே.கே.பட்டின்னு சொன்னாத்தான் பஸ்ல டிக்கெட்டே கிடைக்கும். அப்பா திராட்சைப் பந்தலுக்குக் கீழ நின்னு மருந்தடிக்கிற ஆளோட பேசிக்கிட்டிருந்தார். நான் அந்த மெயிலை வரப்புல நின்னுக்கிட்டே நாலு தடவை படிச்சேன். நாலாவது தடவைதான் கடைசிப் பாரா கண்ணுல பட்டது. உதவித்தொகை எதுவும் கொடுக்க முடியல, வருந்துகிறோம்.

அப்பாகிட்ட சொன்னேன்.

"எவ்வளவுப்பா ஆகும்?"

"ஃபீஸ், தங்குறது, சாப்பாடு எல்லாம் சேத்து ரெண்டு வருஷத்துக்கு எம்பது லட்சம்பா."

கொஞ்ச நேரம் பந்தலையே பாத்தார். "கிலோ நாப்பதுன்னு வச்சுக்கிட்டாலும் இருநூறு டன்னு." எங்களுக்கு இருக்கிறது ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. மருந்து, கூலி, கவாத்துச் செலவு எதுவுமே இல்லைன்னு கணக்குப் போட்டாலும் பத்து வருஷ மகசூல் அது. 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க, நல்ல விஷயம்தான். ஆனா ஏவாரி தோட்டத்துல வந்து விலை சொல்றப்போ குறியீட்டைப் பாத்துச் சொல்றதில்ல.

"அதைப் படிச்சா என்ன வேலைப்பா?"

"வேலைன்னு இல்லப்பா. கதை எழுதலாம்."

"அதை இப்பவும் எழுதிக்கிட்டுத்தானே இருக்க?"

இதோட முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கிட்டு, என்னைப் பாக்காமலேயே, "மேகாட்டு அரை ஏக்கரை ரொம்ப நாளா கேக்குறாங்க. குடுத்துருவமா?"ன்னார். எனக்கு அன்னைக்குத் தூக்கமே இல்ல.

சரி, இந்த எம்.எஃப்.ஏ. என்னன்னு தெரியாதவங்களுக்கு. அயோவா பல்கலைக்கழகத்துல 1936ல எழுத்தாளர் பட்டறைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல இன்னைக்கு இருக்கிற இந்த மாதிரி படிப்புகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. இங்கிலாந்துல ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்துல 1970ல எம்.ஏ. ஆரம்பிச்சாங்க. அங்க முதல் மாணவர் இயன் மெக்கீவன். பத்து வருஷம் கழிச்சு அங்க படிச்சு முடிச்சவர் கசுவோ இஷிகுரோ. வகுப்புன்னா பெருசா ஒண்ணும் இல்ல. பத்துப் பன்னண்டு பேர் வட்டமா உக்காந்து ஒருத்தரோட கதையைப் பிரிச்சு மேய்வாங்க, எழுதினவர் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். நம்ம பதிவர் சந்திப்புதான், போண்டா மட்டும் கிடையாது :-)

விண்ணப்பத்துல உயிர் நாடியே எழுத்து மாதிரிதான். இருபது முப்பது பக்கக் கதை. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஏன் படிக்க வர்றேன்னு ஒரு கட்டுரை, மார்க் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, மூணு சிபாரிசுக் கடிதம். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில கடைசித் தேதி. ஒவ்வொரு இடத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் தனி. சிபாரிசுக் கடிதம்தான் பெரிய கூத்து. நான் படிச்சது இன்ஜினியரிங். என் கதையைப் படிச்ச பேராசிரியர் யாரு? டேட்டா ஸ்ட்ரக்சர் எடுத்த சார்கிட்ட போய் நின்னேன். "தம்பி, நீ லேப் ரெக்கார்டே ஒழுங்கா எழுதமாட்டியே"ன்னார். ஆனாலும் கடிதம் கொடுத்தார், நல்ல மனுஷன்.

இப்ப காசு விஷயம். இந்தப் பதிவே அதுக்குத்தான்.

நம்ம பசங்க எம்.எஸ். போறப்போ லோன் வாங்குறாங்க, திருப்பிக் கட்டுறாங்க. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி இங்க போடாதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சவனுக்கு அங்க ஒரு வருஷம் வேலை பாக்க அனுமதி, அறிவியல் தொழில்நுட்பப் படிப்புங்கிறதால அதுக்கு மேல இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிப்பு. கதை எழுதப் படிச்சவனுக்கு அந்த முதல் வருஷம் மட்டும்தான். அதுவும் படிச்சதுக்குச் சம்பந்தமான வேலையா இருக்கணும். கதைக்குச் சம்பந்தமா யாரு வேலை போட்டு வச்சிருக்காங்க?

நம்ம ஊர் வங்கிக்கும் போனேன். கல்விக் கடன்ல நாலு லட்சம் வரை ஈடு கேக்க மாட்டாங்க, ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு வேணும். அதாவது திரும்பவும் அதே திராட்சைத் தோட்டம். மேலாளர் ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். "சார், கோர்ஸ் முடிஞ்சா சம்பளம் எவ்வளவு வரும்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க"ன்னார். நான் கதை எழுதுறவன்தான், ஆனா அவ்வளவு பெரிய கற்பனை எனக்கு வராது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் பொறுப்பாங்க, அப்புறம் பதினஞ்சு வருஷத்துக்குள்ள அடைக்கணும்.

இந்தப் பதினஞ்சு வருஷத்தை ஒரு பக்கம் வச்சுக்கிட்டு இன்னொரு கணக்கைப் பாருங்க. வி.வி. கணேசானந்தன், அமெரிக்காவுல வாழுற இலங்கைத் தமிழ்க் குடும்பத்து எழுத்தாளர். அயோவா பட்டறையில 2005ல எம்.எஃப்.ஏ. முடிச்சாங்க. முதல் நாவல் 'லவ் மேரேஜ்' 2008ல வந்தது. ரெண்டாவது நாவல் 'பிரதர்லெஸ் நைட்' 2023ல. எண்பதுகளோட யாழ்ப்பாணத்தைப் பத்தின அந்த நாவலுக்கு 2024ல இங்கிலாந்தோட விமன்ஸ் பிரைஸ் கிடைச்சது, முப்பதாயிரம் பவுண்டு. நடுவுல சரியா பதினஞ்சு வருஷம். அவ்வளவு நல்லா எழுதுறவங்களுக்கே அவ்வளவு நாளாகுது. எந்த இ.எம்.ஐ. அது வரைக்கும் காத்திருக்கும்?

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். அவங்க உங்களுக்குக் காசு கொடுத்தாப் போங்க. நீங்க காசு கொடுத்துப் போகாதீங்க. அப்படிக் கொடுக்கிற இடங்கள் இருக்கு. டெக்சாஸ்ல மிச்சனர் மையம், மூணு வருஷம், சேர்ற எல்லாருக்கும் ஃபீஸ் கிடையாது, உதவித்தொகையும் உண்டு, பாடம் நடத்தச் சொல்றதில்ல. மிச்சிகன்ல ஹெலன் ஜெல் திட்டம், கார்னெல் இதெல்லாமும் சேர்ற எல்லாருக்கும் பணம் கொடுக்கிற வகைதான். பல இடங்கள்ல பதிலுக்கு முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கணும். கே.கே.பட்டிக்காரன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கத்துக் கொடுக்கிறதை நினைச்சா எனக்கே சிரிப்பு வருது. சேர்றது குதிரைக் கொம்பு, வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுதான் எடுப்பாங்க. கிடைக்கலைன்னா போச்சு, விண்ணப்பக் கட்டணத்தோட போகும். நிலம் போகாது.

"படிச்சா எழுத்து வந்துருமா"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. எங்க ஜில்லாவையே உதாரணம் காட்டுவாங்க. தேனி சீருடையான் சின்ன வயசுல பார்வை போய், பார்வையற்றோர் பள்ளியில படிச்சு, பார்வை திரும்பி வந்து, தேனியில பழ வியாபாரம் பாத்துக்கிட்டே எழுதினவர். 'நிறங்களின் உலகம்' எந்தப் பட்டறையில வந்தது? வாஸ்தவம். ஆனா அதைச் சொல்லிக் கை தட்டிட்டுப் போறவங்க மேல எனக்குக் கோபம் வருது. வியாபாரத்தை விட்டுட்டு ரெண்டு வருஷம் உக்காந்து எழுதுங்கன்னு அவர்கிட்ட யாராவது பணம் கொடுத்திருந்தா இன்னும் ரெண்டு நாவல் வந்திருக்குமோ என்னமோ. கஷ்டப்பட்டு எழுதினவங்களைக் காட்டி, கஷ்டம்தான் எழுத வச்சதுன்னு பேசறது சவுகரியமா இருக்கு. நமக்குச் செலவில்ல பாருங்க.

எம்.எஃப்.ஏ.வுல உண்மையில கிடைக்கிறது நேரம். டிகிரி அந்த நேரத்துக்கு ஒட்டின லேபிள். அசோகமித்திரன் 1973ல அயோவா போனார். அது படிப்பு இல்ல, உலக எழுத்தாளர்களைக் கூப்பிட்டுத் தங்க வைக்கிற இன்னொரு திட்டம், 1967ல அங்க ஆரம்பிச்சது. 'ஒற்றன்' நாவல் அந்த வாசத்துல இருந்து வந்ததுதான். சில மாசம் சும்மா இருக்க விட்டதுக்குத் தமிழுக்கு ஒரு நாவல் லாபம்.

இங்க என்ன இருக்குன்னு தேடினேன். 2021ல தமிழக அரசு இலக்கிய மாமணி விருது அறிவிச்சது, அஞ்சு லட்சம். ஞானபீடம், சாகித்ய அகாதமி மாதிரி விருது வாங்கினவங்களுக்கு வீடுன்னும் சொன்னாங்க. நான் குறை சொல்லல, நல்லா இருக்கட்டும். ஆனா எல்லாம் எழுதி முடிச்சவங்களுக்கு. எழுதப் போறவனுக்கு? அப்படித் தேடினதுல மத்திய அரசோட பி.எம். யுவா கண்ணுல பட்டது. 2021ல முதல் தடவை. முப்பது வயசுக்குள்ள எழுபத்தஞ்சு பேர், ஆறு மாசம், மாசம் அம்பதாயிரம், ஒரு வழிகாட்டி, தமிழ்லயும் எழுதலாம். யோசனை பிரமாதம். ஆனா தலைப்பை அவங்களே கொடுத்துட்டாங்க, சுதந்திரப் போராட்டம். காந்திக்குக் கோயில் கட்டின ஊர்க்காரன் நான், எழுத விஷயம் இருந்திருக்கும், ஆனா அப்ப எனக்குச் சேதியே தெரியாது. இதே மாதிரி, தலைப்பு கொடுக்காம, ரெண்டு வருஷத்துக்கு, தமிழ்ல எழுதுறதுக்கு, நம்ம பல்கலைக்கழகம் ஒண்ணு அஞ்சு பேருக்குக் கொடுத்தா என்ன? நான் எதுக்கு என் கதையை நானே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து டெக்சாஸுக்கு அனுப்பிக்கிட்டிருக்கணும்? கவாத்துங்கிற வார்த்தைக்கு 'ப்ரூனிங்'னு போட்டேன். அப்பா கத்தரியோட பந்தலுக்குக் கீழ நிக்கிறது அந்த வார்த்தையில வரவே இல்ல.

அந்த முதல் பல்கலைக்கழகத்துக்கு, வரல, நன்றின்னு ஏப்ரல்ல எழுதிட்டேன். அப்பாகிட்ட சொன்னப்போ "சரிப்பா"ன்னார், வேற ஒண்ணும் கேக்கல. மறுநாள் மேகாட்டுல கல்லுக்கால் சாஞ்சு கிடந்ததை ஆள் வச்சு நிமித்தினார்.

இந்த டிசம்பருக்கு அஞ்சு இடம் போடுறேன், அஞ்சும் காசு கொடுக்கிற இடம். கதை தயார், கட்டுரை பாதி. ரெண்டு சிபாரிசுக் கடிதம் வந்தாச்சு. மூணாவதுக்கு இன்னும் ஆள் கிடைக்கல. என் கதைகளை ஒழுங்காப் படிச்சவங்க, கல்லூரியில பாடம் எடுக்கிறவங்க யாராவது இருந்தா ஒரு குரல் கொடுங்க. திராட்சை ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறேன்.