அன்பின் பெயரால் ஒரு சிறுநீரகம்

நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2025 ஜூலையில் நம்மை அதிர வைத்தது. இரு தனியார் மருத்துவமனைகளில் மாற்று அறுவை சிகிச்சைக்குத் தடை, ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு என நடவடிக்கைகள் தொடர்ந்தன. ஆனால் நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்றும் உண்டு.

உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுக்க முன்வந்தால், அன்பினாலோ பற்றினாலோ வேறு சிறப்புக் காரணத்தாலோதான் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு ஏற்று அனுமதிக்க வேண்டும். ஆக, கந்துவட்டியும் வாரத் தவணையும் துரத்த வந்து நிற்பவரின் நெருக்கடி, கோப்பில் அன்பாக மாறிவிடுகிறது! இரத்தப் பிரிவையும் திசுப் பொருத்தத்தையும் பார்க்கும் மருத்துவத்தில், அவருக்குக் கடன் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை இல்லை.

அதைக் கேட்கும் படிப்புதான் மருத்துவச் சமூகவியல். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. பள்ளிப்பாளையம் அங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். 'இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?' என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதைப் படித்த ஒருவர் கொடுக்க வந்தவரின் வீட்டுக்கு ஒருமுறை போய்வந்திருந்தால், எத்தனை கோப்புகள் திரும்பியிருக்கும்? சிறுநீரகம் கொடுத்தவரால் இன்று தறி முன் முழு ஷிப்டும் நிற்க முடிகிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?