மலை யாருக்கு?

தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் மலையேற்றத் திட்டமொன்றைத் தொடங்கியது. 14 ஜில்லாக்களில் 40 பாதைகள். வழிகாட்ட ஆள் உண்டு. மலைவாழ் இளைஞர்களுக்கு அதில் வேலையும் உண்டு. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பணம் கட்டினால்தான் பாதை திறக்கும். கடினமான பாதைகளுக்கு ஆளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். ஓரிக்கையில் பட்டுத் தறியில் உட்காரும் நெசவாளியும், பாலாற்றங்கரையில் நாற்று நடும் கூலிப் பெண்ணும் தங்கள் பிள்ளையை இதற்கு அனுப்ப முடியுமா?

சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 1991-ல் சொல்லிற்று. 2003-ல் மறுபடியும் வலியுறுத்திற்று. பாடப் புத்தகம் வந்துவிட்டது. மலைதான் வரவில்லை. ஒரு காலத்தில் காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலைக்கு மறுபக்கத்து நாடாவைத் தள்ளச் சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தறியண்டை உட்கார வைத்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்து பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பியது நாலு சுவருக்குள் இன்னொரு தரம் அடைப்பதற்கா?

"வயிற்றுக்கே வழியில்லை, மலை எதற்கு?" என்கிறார்கள் சில தோழர்கள். "வெயிலிலும் சேற்றிலும் கிடக்கிறவர்களுக்கு இயற்கையைக் காட்டப் போகிறீர்களா?" என்று விவசாயத் தொழிலாளிகள் சிரிக்கிறார்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் வயலில் நிற்பவன் கண்ணுக்குத் தன் வயல்தான் தெரியும். மேலே ஏறினால் ஆறு முழுவதும் தெரியும்.

தூர தேசம் போக வேண்டாம். வாலாஜாபாத் தாண்டிச் செங்கல்பட்டு ரோட்டில் பழையசீவரம் இருக்கிறது. நரசிம்மர் கோயில் உள்ள சிறு குன்று. எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். வேகவதி நம் காஞ்சிபுரத்து ஆறு. செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது. பாலாறு கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. நம் தறிக்கு வரும் பட்டு நூலுக்குப் புழு வளர்க்கும் சீமையும் அதுவே. ஆற்றையும் நூலையும் சேர்த்து ஒரே பாடமாகச் சொல்லலாம்.

மேலே நின்று பார்க்கிற பிள்ளை சும்மா இராது. "இவ்வளவு அகல ஆற்றில் தண்ணீர் எங்கே?" என்று கேட்கும். அப்போது மேலே கட்டிய அணைகளைச் சொல்ல வேண்டும். லாரி லாரியாக அள்ளிய மணலைச் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைச் சொல்ல வேண்டும். அது குறித்து சுப்ரீம் கோர்ட் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியும், 2025 ஜனவரியில் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்ததே, அதையும் சொல்ல வேண்டும். இந்த ஜில்லாவில் குன்றுகளை ஜல்லியாக்கும் குவாரிகளையும் காட்ட வேண்டும். வண்ணத்துப்பூச்சியோடு நின்றுவிடும் இயற்கைப் பாடம் முதலாளிகளுக்குத்தான் சௌகரியம்!

1932 ஏப்ரல் 24-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளி வாலிபர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் ஏறினார்கள். அது பிரபுவின் வேட்டை நிலம். பஞ்சாலைத் தொழிலாளிக்கு அங்கே கால்வைக்க உரிமையில்லை. முன்னே நின்ற பென்னி ராத்மன் 20 வயது கம்யூனிஸ்ட். ஐந்து பேரைச் சிறையில் தள்ளினார்கள். 1949-ல் சட்டம் வந்தது. 1951-ல் அந்த வட்டாரமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. மலையில் நடக்கும் உரிமையைக்கூடப் போராடித்தான் வாங்கினார்கள்.

தாய்மார்களின் பயம் நமக்குத் தெரியும். 2018 மார்ச்சில் தேனி ஜில்லா குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் 23 பேர் மாண்டார்கள். ஆகவே கோடையில் வேண்டாம்; மழை ஓய்ந்த தை மாதம் தோதானது. காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். பெண்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆசிரியை ஒருவர் கட்டாயம் கூட வரட்டும். செடிகொடிகளின் பேர் சொல்ல, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். இலவசமாக அல்ல! அவரும் அன்றைக்கு ஆசிரியர்தான்.

பஸ், ஒரு வேளைச் சோறு, தண்ணீர், மருந்துப் பெட்டி: இவ்வளவுதான் செலவு. சர்க்கார் பள்ளிக்கு இதை சர்க்காரே தர வேண்டும்; பெற்றோரிடம் ஒரு காசும் வசூலிக்கக் கூடாது. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் பழையசீவரத்தின் பேரைச் சொல்லித் தீர்மானம் கொண்டு வாருங்கள்.