பந்து ஒன்று, குவளை வேறு

பூனாவில் பல்வங்கர் பாலு வீசிய பந்தை பிராமண ஆட்டக்காரர்கள் தயங்காமல் தொட்டார்கள். தேநீர் நேரத்தில்தான் சிக்கல். தலித்தான பாலுவுக்கு அரங்குக்கு வெளியே, மண் குவளையில் தேநீர். 1911-ல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர் அவர். இருந்தும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923-ல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. இந்தக் கதையை 2002-ல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியவர் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா.

சேர்ந்து விளையாடினால் சாதி தளருமா? பாலுவின் வாழ்க்கை கேள்வியை எழுப்புகிறது. ஆனால் ஒருவர் கதையை வைத்து ஊருக்கே விடை சொல்ல முடியாது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வெறும் பழக்கம் போதாது, சம அந்தஸ்தும் பொது இலக்கும் வேண்டும்.

அந்த உளவியல் கருத்தைக் கிரிக்கெட் மைதானத்தில் சோதித்தவர் ஒரு பொருளாதார நிபுணர், மேட் லோ. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைத் திரட்டினார். யார் ஒரே சாதி அணியில், யார் கலப்பு அணியில், யார் ஆடாமலே இருப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. காரணம் எளிது: விருப்பப்படி விட்டால், ஏற்கனவே தாராள மனம் கொண்டவர்கள்தான் கலப்பு அணிக்கு வருவார்கள். பிறகு விளையாட்டுக்கே பெருமை போய்விடும்.

2021-ல் முடிவுகள் வெளியாயின. ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது, சொந்த சாதிக்காரருக்குச் சலுகை காட்டுவது குறைந்தது. எதிரணியில் நின்று மோதியவர்களிடமோ பெரும்பாலும் நேர்மாறான விளைவு. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நன்மையே மிச்சம். ஆனால் போட்டி நடத்தினாலே ஒற்றுமை வளரும் என்று மேடையில் பேசுபவர்கள் அந்த இரண்டாவது முடிவைக் கவனிப்பது நல்லது.

இராக்கில் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணியில் சேர்த்துப் பார்த்தவர் அரசியல் ஆய்வாளர் சல்மா மூசா. 2020-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், மைதானத்துக்குள் மனம் மாறியது. மோசூலில் முஸ்லிம் பகுதி உணவகத்துக்குப் போவது போன்ற வெளி விஷயங்களில் அந்த அளவு மாற்றம் இல்லை.

பாலுவின் குவளையும் மைதானத்துக்கு வெளியேதான் இருந்தது. அதைத் தேட மானுடவியலாளர் ஊரில் தங்க வேண்டும், வீடுகளுக்குள் போக வேண்டும். லோவின் ஆட்டக்காரர்கள் அனைவரும் இளைஞர்கள். வருபவருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் என்று தீர்மானிக்கும் வீட்டுப் பெரியவர்கள் எந்த அணியிலும் இல்லை.