பிடித்து விடுதல் அருளாகுமா?

திருத்தணிகை என்னும் பெயர்க்குக் காரணங் கூறுவோர், முருகப்பெருமான் அசுரரோடும் வேடரோடும் பொருத சினம் தணிந்து வீற்றிருந்த தலமாதலின் அப்பெயர் பெற்றதென்பர். கச்சியப்ப முனிவர் புராணஞ் செய்ததும், இராமலிங்க வள்ளலார் நெஞ்சுருகிப் பல பதிகங்கள் பாடியதும் இம்மலைமேல் நின்ற பெருமானையே. ஆடிக் கிருத்திகையிற் காவடி சுமந்து வருவார் பலநாள் புலாலொழித்து விரதங் காத்து வருகின்றனர். சினந் தணிந்த இடத்தை அடைவார், பிறவுயிர்க்கு நோய் செய்யும் அவாவும் தணிந்தே அடைதல் வேண்டுமென்பது அவ்விரதத்தின் கருத்து.

இத்தகைய அடியார் செவிக்கும் இக்காலத்து ஒரு புதுக்கொள்கை எட்டுகின்றது. தூண்டிலிட்டுப் பெருமீன்களைப் பிடித்து, அளந்து, நிறுத்து, படமெடுத்துப் பரிசும் பெற்று, மீண்டும் நீரில் விட்டுவிடுதல் கொலையன்று. விடுதலால் அது சீவகாருணியமேயாம் என்பது அக்கொள்கை. இதற்கு அதிபத்த நாயனாரைச் சான்று காட்டுவாருமுளர். பொய் மெய்யின் உடையை உடுத்து வருங்கால் அதனை வாளாவிடுதல் தகாது.

சிவஞான சித்தியார் பரபக்கங் கூறிய பின்னரே சுபக்கங் கூறும். ஆகலின் எதிர்ப்பக்கத்தார் வன்மையை முன்னர் ஒளியாது உரைத்தலே நேர்மையாம்.

தென்னாட்டில் இவ்விளையாட்டு ஆங்கிலவாட்சியில் வளர்ந்தது. சென்னை மாகாணத்து அதிகாரியாயிருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873-ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டில் வேட்டையைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1946-ஆம் ஆண்டிற் கபினியாற்றில் 120 இராத்தல் நிறையுள்ள மகசீர் ஒன்று பிடிபட்டது. மகசீராவது கெண்டையினத்துப் பெருமீன். பின்னர்க் கருநாடகத்துக் காவிரிக்கரையில் பீமேசுவரி, கலிபோர் முதலிய இடங்களிற் பாசறைகள் அமைந்தன. பிடித்த மீனை விட்டுவிடுதலே அங்கு விதியாயிற்று. பாசறைக் காவலர் இருந்தமையால் வெடியிட்டு மீன் கொல்வார் அஞ்சினர் என்பர். கலிபோரில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் கணக்கைக்கொண்டே, கூன்முதுகு மகசீர் அருகிவருதலை ஆராய்ச்சியாளர் கண்டனர். 2018-ஆம் ஆண்டில் அம்மீன் அழிவின் விளிம்பில் நிற்பதென உலக இயற்கைக்காப்புச் சங்கத்தாராற் குறிக்கப்பட்டது. முள்ளில்லாத கொக்கி, நனைத்த கை, முடிச்சில்லாத வலை, நீரினின்று எடாதே கொக்கி களைதல் ஆகிய ஒழுங்குகளால் மீனுக்கு வரும் தீங்கு குறைதலும் உண்மையே. கொன்று குவித்தலினும் விடுதல் நன்றென்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

இவையெல்லாம் உடன்பட்டவழியும், அவர் முடிபு நிலைபெறுமாறு இல்லை. என்னை? தீங்கு குறைதல் வேறு, அருளாதல் வேறு. வழிச்செல்வான் ஒருவனை மறித்து நீரில் அமிழ்த்தி, மூச்சுத் திணறுங்காற் கரையேற்றி, 'உனக்கு உயிர்ப்பிச்சை தந்தேன்' என்பானை அருளாளனென்று எவர் போற்றுவர்? மனிதனுக்கு நீர் யாதோ, மீனுக்குக் காற்று அதுவாம். தான் விளைத்த துன்பத்தைத் தானே நிறுத்திக்கொள்வது அருளெனின், அடித்தவன் கையோய்ந்து நின்றதும் அருளாதல் வேண்டும்.

மீனுக்கு நோவுணர்ச்சி இல்லையெனின், அதுவும் பொருந்தாது. 2003-ஆம் ஆண்டிற் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் டிரவுட் என்னும் மீனின் முகத்தில் நோவறியும் நரம்புமுனைகள் உளவெனக் கண்டனர். உதட்டிற் புளிக்காடி ஏற்றப்பட்ட மீன்கள் இரையுண்ணாதொழிந்து, உதட்டைப் பரற்கற்களில் உரைத்தன. கொக்கி தைக்கும் இடமும் அவ்வுதடேயன்றோ? விடப்பட்ட மீனெல்லாம் பிழைத்தலுமில்லை. விட்டபின் நேரும் சாவினைப்பற்றிய 274 மதிப்பீடுகளைத் தொகுத்து 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, சராசரி நூற்றுக்குப் பதினெட்டு மீன் இறத்தலைக் காட்டிற்று. வரிசையின் நடுவெண் பதினொன்று. மீனினத்துக்கும் நீரின் வெம்மைக்கும் கொக்கி தைத்த இடத்துக்கும் ஏற்ப இவ்வெண் கூடும், குறையும். ஆயினும் விட்டவன் கண்முன் நீந்திச்சென்ற மீன் அவன் காணாதவிடத்து இறக்குமாயின், காணாமை வினையைக் கழிக்குமா? போட்டியாயின் தீங்கு மிகும். பெரியதைப் பிடித்தவனுக்கே பரிசாதலின், மீன் களைக்குமளவும் போராட்டுதலும், நிறுக்கவும் படமெடுக்கவும் தாழ்த்தலும் நேர்கின்றன.

ஊனுண்ணும் நாட்டாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விதி, விட்டுவிடும் கருத்தோடு தூண்டிலிடுதலையே விலக்கிற்று. உணவின்பொருட்டன்றி விளையாட்டின்பொருட்டு உயிரை வருத்துதல் தகாதென்பது அதன் கருத்து. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குக் காப்புச்சட்டம் வேட்டையைப்பற்றிக் கூறுவது தூண்டிலுக்கும் பொருந்துமெனக் கொள்ளப்பட்டமையின், காவிரிச் சரணாலயத்துப் பாசறைத் தூண்டில் 2012-ஆம் ஆண்டளவில் நின்றது. புலாலுண்பார் கண்ட நீதியைப் புலால் மறுத்த சைவர் காணாதிருத்தல் நாணத்தக்கது.

இனி அதிபத்தர் வரலாற்றை நோக்குக. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவர் அவர். மீன்பிடித்தல் அவர்க்குக் குலத்தொழில், வயிற்றுக்குரிய வழி. நாடோறும் கிடைத்தவற்றுள் ஒரு மீனை 'இஃது இறைவற்கு' என்று கடலில் விட்டார். ஒரு மீனே அகப்பட்ட நாள்களில் அதனையும் விட்டுச் சுற்றத்தோடு பசித்திருந்தார். ஈற்றிற் பொன்னும் மணியுமாய் ஒளிர்ந்த மீன் ஒன்றே வந்தகாலையும் அதனை விட்டார், இறைவன் வெளிப்பட்டருளினார். அவர் விட்டது தமது உணவை, தமது பொன்னை. விளையாட்டாளர் விடுவது தமக்கு வேண்டாத ஒன்றை. வேண்டிய களிப்பையும் படத்தையும் பரிசையும் கையிற்கொண்ட பின்னரே அவர் விடுகின்றனர். நாயனார் செயலில் இழப்பு அவர்க்கு. போட்டியில் இழப்பு மீனுக்கு. இவ்விரண்டையும் ஒன்றென்பார், ஈகையையும் எச்சிலிடுதலையும் ஒன்றென்பாரை ஒப்பர்.

சிவபெருமானே வலை வீசினாரன்றோ எனின், திருவிளையாடற் புராணங் கூறும் அவ்வலை, சாபத்தாற் சுறாவாய்த் திரிந்த நந்தியை மீட்டற்கு வீசப்பட்டது. பிடித்தலே அங்கு வீடு. வேடவுருவில் வந்த முருகனும் வள்ளியை ஆட்கொள்ள வந்தானேயன்றி வேட்டைக்களிப்புக்கு வந்திலன். தெய்வத்தின் அருள்விளையாட்டைத் தம் பொழுதுபோக்குக்குப் போர்வையாக்குதல் சிவநிந்தையின் பாற்படும்.

ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். இக்கண்டனம் கடலோடிப் பிழைக்கும் பரதவரை நோக்கியதன்று. பசித்த மக்கட்குச் சோறிட வலையிழுப்பானைத் தாழ்வாக நோக்கிவிட்டு, பொழுதுபோகாமல் தூண்டிலெடுப்பானைச் சீவகாருணியனென்று வியப்பது சைவமன்று. செல்வர்க்கு வளைந்த நாவின் செயல். நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவர் வலைஞராயிருந்ததை மறந்தவரே அவ்வாறு பேசுவர்.

தூண்டில் இன்றேல் மீனைக் காப்பவர் யாரென்னும் வினாவொன்றே எஞ்சியது. அதற்கு விடை நம் திருக்கோயில்களே. சிருங்கேரியில் துங்கையாற்று மீன்கள் கொக்கியின்றியே காக்கப்படுகின்றன. காவிரிக்கரை இராமநாதபுரத்திலும் திருக்கோயிற்றுறை மீன்கட்குப் புகலிடமாயிற்று. சிசிலத்திற் சிவாலயத்தருகே வாழ்ந்த மீன்களுட் பல 1996-ஆம் ஆண்டிற் கயவர் இட்ட நஞ்சால் மடிந்தன. ஊரார் அவற்றுக்கு நினைவுக்குறி எடுத்தனர். பக்தியொன்றே போதாது, விழித்த காவலும் வேண்டுமென்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று. ஆற்றங்கரையில் ஆள்வைத்துக் காத்தற்குக் கொக்கி எதற்கு? மேலும், நன்மையெனக் கருதிப் பிறவிடத்துப் பொரிக்கப்பட்ட நீலச்சிறை மகசீரைக் காவிரியில் விட்டமையே, அவ்வாற்றுக்குரிய கூன்முதுகு மீன் அருகுதற்கு ஒரு காரணமென அறிஞர் ஐயுறுகின்றனர். வேட்கை முற்பட்டவிடத்துக் காப்பும் கேடாய் முடிதல் காண்க.

எண்பத்துநான்கு நூறாயிரம் பிறவிவகையுள் நீர்வாழ்வன பத்து நூறாயிரம் என்பது சைவர் கொள்கை. இன்று கொக்கியில் துடிக்கும் உயிரும் மலத்தாற் கட்டுண்ட உயிரே. வினைப்பயன் நுகர்ந்து ஈடேற வந்ததே. அதன் துடிப்பைக் களிப்பாக நுகரும் மனத்தில் ஏறுவது ஆகாமியம். மீன் நீரிற் சென்றுவிடும், வினை செல்லாது.

ஆதலின், முருகனடியார் மீனுக்கு அருள்செய்ய விரும்பின் வழி எளிது. தத்தம் ஊர்த் திருக்குளத்தைத் தூர்வாருக, வரத்துக்கால்களைத் திறக்க, பொரியிடுங்கால் அது வந்த பிளாஸ்டிக் உறையை நீரில் எறியாதிருக்க, கழிவுநீர் புகாது தடுக்க. பிடித்து விடுதலினும் பிடியாது விடுதலே பெரிது. சினந் தணிந்த பெருமான் திருமுன் நிற்பார் கையில் தூண்டில் இராதிருப்பதாக.

திருச்சிற்றம்பலம்.