சின்ன பேட்டரியை முதலில் பாருங்கள்
மின்சாரக் கார் காலையில் கிளம்பாவிட்டால், பல லட்சம் பெறும் பெரிய பேட்டரியை நினைத்துத்தான் முதலில் பதறுகிறோம். பல நேரம் படுத்திருப்பது 12 வோல்ட் சின்ன பேட்டரி. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர் மூடவே அந்த 12 வோல்ட் வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தால் என் சந்தேகம் அதன்மேல்தான். மல்டிமீட்டரை எடுங்கள். கதவைத் திறந்ததுமே காரின் கணினிகள் விழித்துக்கொள்ளும்; அவை அடங்கும்வரை பொறுத்து அளக்க வேண்டும். ஈய-அமில பேட்டரி என்றால் 12.6 நல்ல சார்ஜ், 12க்குக் கீழே என்றால் சார்ஜ் வற்றிவிட்டது. கார் ஆன் ஆகியும் 13ஐத் தாண்டாவிட்டால், சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும். வோல்ட் சரியாக இருந்தும் லோடு கொடுத்தால் சரியும் பேட்டரிகள் உண்டு. ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் லோடு டெஸ்ட் செய்து, அளவை பில்லிலேயே எழுதித் தர வேண்டும்.