கேஜ் சொல்வது பாதிதான்

கார் மேடேறத் திணறுகிறது, ஆயில் குறைகிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறது. பட்டறையில் பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் முள் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ‘ரிங் போச்சு, போர் தேஞ்சிருச்சு, எஞ்சினை இறக்கணும்’ என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. இந்த முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் முள் சொன்ன செய்தி ஒன்றே ஒன்று: அந்தச் சிலிண்டரில் அழுத்தம் சேரவில்லை. காற்று எந்த வழியாக நழுவுகிறது என்பதை அது சொல்லவில்லை. வால்வு வழியாகப் போகலாம், ஹெட் கேஸ்கெட் வழியாகப் போகலாம், ரிங்கைத் தாண்டிக் கீழேயும் போகலாம். இவற்றுள் சிலிண்டர் தேய்மானத்தைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் வாதம். வால்வைத் திரும்பத் தேய்த்து உட்கார வைக்கலாம், கேஸ்கெட்டை மாற்றலாம். சிலிண்டர் சுவரில் கடைந்தெடுத்த இரும்பை மட்டும் யாராலும் திருப்பி வைக்க முடியாது.

முதலில் அந்த எண்ணையே விசாரிக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும். பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். பேட்டரியில் முழு சார்ஜ் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். மிதிக்க மறந்தால் உள்ளே போகும் காற்றே குறைவு, நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். ஊரின் உயரம்கூடக் கணக்கில் வரும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். சென்னையில் 170 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் அங்கே 130 பக்கம் காட்டினால் அதில் பழுது எதுவும் இல்லை. ஆகவே ஒற்றை எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே நம்பகமான சாட்சி. சுசூகி தன் சிறிய எஞ்சின்களுக்குத் தரும் சர்வீஸ் கையேடுகளில் இந்த வேறுபாட்டுக்கு வைத்திருக்கும் எல்லை சுமார் 14 பிஎஸ்ஐ. ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் எண் விழுந்தால் அந்தச் சிலிண்டரில் தேடலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தால் இடையிலுள்ள கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். எல்லாமே ஒரே அளவில் குறைந்தால், போர் மொத்தமாகத் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பது முறை.

அடுத்தது, பிளக் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் ஊற்றித் திரும்ப அளப்பது. எண் ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் என்பது பட்டறைப் பாடம். பாடம் சரிதான், அளவு தவறக் கூடாது. மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 68.5 மில்லிமீட்டர் போர், 72 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. கம்ப்ரஷன் விகிதம் ஏறத்தாழ 9 என்று கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 சிசிதான். அதில் 10 மில்லி ஆயிலை ஊற்றினால் இடம் 23 ஆகச் சுருங்கி, விகிதம் 12-ஐத் தாண்டிவிடும். ரிங்கில் குறையே இல்லாவிட்டாலும் முள் ஏறும். கைபோன போக்கில் ஊற்றும் ஆயில் ஒரு நல்ல போர்மீது பழி சுமத்திவிடும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மிகவும் தேய்ந்த சிலிண்டரில் கீழிருந்து ஏறும் ஆயிலே ரிங்கின் இடுக்கை அடைத்துக்கொள்ளும், மேலே படிந்த கரி இடத்தைக் குறைக்கும். கேஜில் நல்ல எண்ணே வரும். எண் குறைந்தால் போர் கெட்டது, நிறைந்தால் போர் நல்லது என்ற இரண்டு முடிவுகளுமே அவசர முடிவுகள்.

காற்று போகும் வழியைக் காட்டிக்கொடுப்பது லீக் டெஸ்ட். இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துவாரம் வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காது கொடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் வாயில் பலமாக வந்தால்தான் ரிங்கும் போரும். எக்ஸாஸ்ட் வால்வு என்று தெரிந்தால், ஹெட்டை இறக்கும் முன் டாப்பெட் இடைவெளியை அளக்க வேண்டும். கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கி, அந்த இடைவெளி அடைபட்டுப்போவது உண்டு. வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். தொடக்கத்திலேயே கண்டால் இது ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் தீர்க்கும் வேலை. நீலப் புகையும் அப்படித்தான். சரிவில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, திரும்ப மிதிக்கும் கணத்தில் மட்டும் குபுக்கென்று வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வு ஸ்டெம் சீல்.

இத்தனைக்குப் பிறகும் விரல் போரையே சுட்டினால், ஹெட்டைத் திறந்து அதை அளக்கலாம். தேய்மானம் எங்கே இருக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் ஆயில் படலம் மெலிகிறது, வெப்பம் அதிகம், எரியும் வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. அதனால் மேல் ரிங் நிற்கும் இடத்தில்தான் அதிகம் தேயும். கிராங்குக்குக் குறுக்கான திசையில் பிஸ்டன் சாய்ந்து உரசுவதால் வட்டம் முட்டையாகும். எனவே மேல், நடு, அடி என மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில், ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவுகள். இவற்றுக்கிடையே வேறுபாடு 0.1 மில்லிமீட்டரை மிஞ்சினால் பல கையேடுகள் ரீபோர் செய்யச் சொல்கின்றன.

அனுபவமுள்ள மெக்கானிக்குக்குக் கேஜ் எதற்கு என்று கேட்பார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். எங்கே தேட வேண்டும் என்பதை அதுதான் விரைவாகச் சொல்லும். ஆனால் 0.1 மில்லிமீட்டர் என்பது ஒரு தாளின் கனம். மேல் விளிம்பில் விரல் தட்டுவதைக் கொண்டு தேய்மானம் உண்டு என்று சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. நேரமும் கூலியும் கூடுமே என்பது அடுத்த வாதம். சோதனைகளுக்கு ஒரு காலைப் பொழுது போதும். எஞ்சினை இறக்கினால் நாள் கணக்கு.

‘ஹெட்டைத்தான் கழற்றியாச்சே, அப்படியே ரிங்கையும் மாத்திருவோம்’ என்பதுதான் கேட்க நியாயமாகப்பட்டு அதிகம் ஏமாற்றும் வாதம். மேலே அகன்று கீழே குறுகிய போரில் புது ரிங் முழுச் சுற்றும் பொருந்தாது. மேலே ஏறும்போது விரியும், கீழே இறங்கும்போது நெருங்கும். விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடினாலே ரிங்கின் வாய் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். மேலே நிற்கும் விளிம்பு புது ரிங்கை உடைக்கவும் கூடும். போர் அளவுக்குள் இருந்தால் பழகிய ரிங்கைத் தொட வேண்டியதில்லை. அளவைத் தாண்டியிருந்தால் ரிங் மட்டும் போதாது. இடைப்பட்ட வைத்தியம் பெரும்பாலும் சில மாதங்களில் அதே புகையைத் திருப்பிக் கொண்டுவரும்.

ரீபோர் செய்த சிலிண்டருக்கான ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பல எஞ்சின்களுக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகளில்தான் வருகின்றன. அத்தகைய பிளாக் தாங்கும் ரீபோர் எண்ணி இரண்டு, அதன்பின் ஸ்லீவ்தான். அந்த இரண்டில் ஒன்றைச் செலவழிக்கும்படி சொல்பவரிடம் வண்டிக்காரர் மூன்று கணக்குகளை எழுதிக் கேட்க வேண்டும்: எல்லாச் சிலிண்டர்களின் கம்ப்ரஷன், காற்று வெளியேறிய வழி, போரின் ஆறு அளவுகள். நல்ல மெக்கானிக் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் கையிலுள்ள கேஜ் அதற்காகத்தானே இருக்கிறது. கணக்கு கைக்கு வந்த பிறகு பிளாக் லேத்துக்குப் போகட்டும்.